ஓர் உயிலின் நான்கு சொற்கள்

வணிகர்களின் ஆவணங்களை ஆராய்வோர் பெரும்பாலும் எண்களையே தேடுவர். மொழியியல் பயின்றோரின் கண்ணோ சொற்களில் தங்கிவிடுகிறது. அமெரிக்காவின் தொடக்ககால வங்கியாளர்களுள் ஒருவரான ஸ்டீபன் ஜிரார்டின் ஆவணத் தொகுதியில் அவ்வாறு தங்க வேண்டிய இடம் அவருடைய உயில்.

1750-இல் பிரான்சின் போர்தோ நகரில் பிறந்த ஜிரார்ட், கடலோடியாக வாழ்வைத் தொடங்கி 1776-இல் பிலடெல்பியாவை அடைந்தார். 1793-இல் அந்நகரை மஞ்சள் காய்ச்சல் சூறையாடியபோது, ஊரைவிட்டு ஓடாமல் புஷ் ஹில் மருத்துவமனையின் நிர்வாகத்தை ஏற்றார். அமெரிக்காவின் முதல் தேசிய வங்கி 1811-இல் உரிமம் இழந்ததும் அதன் கட்டடத்தை விலைக்கு வாங்கி, அடுத்த ஆண்டே தம் சொந்த வங்கியைத் திறந்தார். 1813-இல் அரசு கோரிய ஒரு கோடியே 60 லட்சம் டாலர் போர்க்கடன், அவரும் டேவிட் பாரிஷும் ஜான் ஜேக்கப் ஆஸ்டரும் முன்வந்ததால் நிறைவடைந்தது.

அவருடைய கடிதங்கள், அனுப்பிய கடிதங்களின் படிகள், பேரேடுகள், கப்பல் கணக்குகள் ஆகியன அவர் பெயரால் அமைந்த கல்வி நிலையத்தில் பேணப்பட்டு, அமெரிக்கத் தத்துவக் கழகத்தால் நுண்படச்சுருள்களாகவும் ஆக்கப்பட்டன. சர்க்கரையும் காப்பியும் அபினியும் அக்கணக்குகளில் சரக்காகவே வருகின்றன. சர்க்கரையையும் காப்பியையும் விளைவித்த அடிமைகளின் குரலை அங்கே தேடிப் பயனில்லை.

1830-இல் எழுதிய உயிலில், ஹன்னா என்னும் கறுப்பினப் பெண்ணுக்கு விடுதலையும் ஆண்டுக்கு 200 டாலரும் அளித்தார். அதே உயில் லூசியானா பண்ணையை அங்கிருந்த முப்பதுக்கும் மேற்பட்ட அடிமைகளோடு சேர்த்துச் சொத்தாகக் கைமாற்றியது. எஞ்சிய பெருஞ்செல்வம் பிலடெல்பியா நகருக்குச் சென்றது. அதைக்கொண்டு அமைக்கப்பட வேண்டிய பள்ளியில் சேரத்தக்கோரை நான்கு சொற்கள் வரையறுத்தன: ஏழை, ஆண், வெள்ளையர், அநாதை.

இச்சொற்களின் பிற்கால வரலாறு கவனத்திற்குரியது. 'அநாதை' என்பது பெற்றோர் இருவரையும் இழந்தவரை மட்டும் குறிக்குமா? தந்தையை மட்டும் இழந்த சிறுவனும் அச்சொல்லுள் அடங்குவான் என 1859-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொல்லின் பொருளில் நெகிழ்வு இருந்ததால் விளக்கத்தின் வழியாகவே பள்ளியின் கதவு சற்று அகலத் திறந்தது.

'வெள்ளையர்' என்ற சொல்லில் அத்தகைய நெகிழ்வு இல்லை. அதை வெளியிலிருந்துதான் முறியடிக்க வேண்டியிருந்தது. நகர நிர்வாகம் நடத்தும் பள்ளி இனத்தின் அடிப்படையில் ஒதுக்குவது அரசியலமைப்புக்கு முரணானது என்று 1957-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. உடனே நிர்வாகம் தனியார் அறங்காவலர்களிடம் மாற்றப்பட்டு, ஒதுக்கல் தொடர்ந்தது. 1965-இல் செசில் மூர் தலைமையில் மக்கள் பள்ளியின் கல்மதிலைச் சுற்றி மாதக்கணக்கில் மறியல் செய்தனர். மார்ட்டின் லூதர் கிங்கும் அங்கு வந்து உரையாற்றினார். மற்றொரு வழக்கிற்குப் பின், 1968-இல்தான் கறுப்பினச் சிறுவர்கள் முதன்முறையாக உள்ளே நுழைந்தனர். சிறுமியருக்கு 1984 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆவணத்தின் பொருள் ஆவணத்துக்குள்ளேயே முற்றுப்பெறுகிறது என்று கருதுவோருக்கு இவ்வழக்கு ஒரு மறுப்பு. சொற்பொருள் ஆய்வு ஒரு சொல்லை விரித்துக் கொடுத்தது. மற்றொரு சொல்லின் முன் அது கையற்று நின்றது. அதனால் ஜிரார்டின் உயிலை வாசிக்கும் மாணவர், அந்த மதிலுக்கு வெளியே நின்றோரின் வரலாற்றையும் அதனுடன் சேர்த்தே வாசிக்க வேண்டும்.