பெட்டக அறையில் பிறந்த பெயர்

‘ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்’ என்ற சொல், 1973 ஆகஸ்டில் ஸ்வீடன் தலைநகரில் நடந்த ஒரு வங்கிக் கொள்ளை முயற்சியிலிருந்து வந்தது. பிடித்து வைத்தவர்மீதே பிடிபட்டவருக்குப் பரிவு வந்துவிடுவதை அது குறிக்கிறது. அடிக்கும் கணவனை விட்டுப் போகாத மனைவி, திட்டும் முதலாளிக்காக வாதாடும் ஊழியர், அவமானப்பட்டும் கூட்டணியை விடாத கட்சி என்று இன்று எல்லோருக்கும் இதே முத்திரைதான். அந்த முத்திரையைச் செய்தவர் யார், எந்த நேரத்தில் செய்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஆகஸ்ட் 23, வியாழக்கிழமை காலை. சிறையிலிருந்து சில நாள் விடுப்பில் வந்து திரும்பிப் போகாதவர் யான்-எரிக் ஓல்சன். நார்மால்ம்ஸ்டோர்க் சதுக்கத்தில் இருந்த கிரெடிட்பாங்கன் வங்கிக்குள் அவர் நுழைந்து கூரையை நோக்கி மெஷின் துப்பாக்கியால் சுட்டார். 30 லட்சம் குரோனர் பணம், தப்பிக்க ஒரு கார், சிறையிலிருந்த கிளார்க் ஓலோஃப்சன் என்ற பிரபலக் கொள்ளையர் ஆகியவை அவர் கேட்டவை. அரசு ஓலோஃப்சனை வங்கிக்கே அழைத்து வந்து ஒப்படைத்தது. கிறிஸ்டின் என்மார்க், எலிசபெத் ஓல்ட்கிரேன், பிர்கிட்டா லுண்ட்ப்ளாட், ஸ்வென் செஃப்ஸ்ட்ராம் என்ற நான்கு ஊழியர்கள் பிணைக்கைதிகளாக, பெட்டக அறைக்குள் ஆறு நாள் அடைபட்டுக் கிடந்தார்கள்.

அந்த அறைக்குள் நடந்தவற்றை அமெரிக்க எழுத்தாளர் டேனியல் லாங் 1974இல் ‘நியூயார்க்கர்’ இதழில் விரிவாகப் பதிவு செய்தார். என்மார்க் குளிரில் நடுங்கியபோது ஓல்சன் தன் மேல்கோட்டை அவர் தோளில் போர்த்தினார். மூடிய அறையில் மூச்சுமுட்டிய ஓல்ட்கிரேனின் கழுத்தில் நீளமான கயிற்றைக் கட்டி, கொஞ்ச தூரம் வெளியே நடந்துவிட்டு வர விட்டார். கழுத்தில் கயிறோடு நடந்த அந்தப் பெண்ணுக்கு, அப்போது அது பெரிய கருணையாகப் பட்டது. செஃப்ஸ்ட்ராமின் கதை இன்னும் விசித்திரம். போலீசை மிரட்டுவதற்காக அவர் காலில் மட்டும் சுடப்போவதாக ஓல்சன் சொன்னார். உயிரை எடுக்காமல் காலோடு விடுகிறாரே என்று அவருக்கு நன்றியுணர்வே வந்ததாம். கடைசியில் சுடவில்லை. சாவு எந்த நிமிடமும் வரலாம் என்ற நிலையில், சின்னச் சின்ன இரக்கமெல்லாம் மலையளவு பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

வெளியே போலீஸ் என்ன செய்துகொண்டிருந்தது என்பது கதையின் மறுபாதி. பாதிப் பேர் இதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். விக்கும் மூக்குக் கண்ணாடியும் மாட்டி ஆங்கிலம் பேசிய ஓல்சனை, தப்பியோடிய வேறொரு கைதி என்று போலீஸ் நினைத்தது. அந்தக் கைதியின் தம்பியைச் சமாதானம் பேச உள்ளே அனுப்பியது. அவருக்குக் கிடைத்த வரவேற்பு துப்பாக்கிச் சூடு. பிறகு பிணைக்கைதிகள் உள்ளே இருக்கும்போதே பெட்டக அறைக் கதவை வெளியிலிருந்து பூட்டியது. மேல்தளத்திலிருந்து துளை போட்டு, கண்ணீர்ப் புகை விடத் தயாரானது. ஓராண்டுக்கு முன்புதான், 1972 செப்டம்பரில், மியூனிக் ஒலிம்பிக்கில் பிணைக்கைதிகளை மீட்கப் போன ஜெர்மன் போலீசின் முயற்சியில் ஒன்பது பிணைக்கைதிகளும் செத்துப்போயிருந்தார்கள். மீட்பு என்ற சொல்லே அன்று பயமுறுத்தக்கூடியதுதான்.

என்மார்க்குக்கு அப்போது வயது 23. பெட்டக அறையிலிருந்து அவர் பிரதமர் ஓலோஃப் பால்மேயிடம் தொலைபேசியில் பேசினார். கொள்ளையர்களோடு காரில் போகத் தயார், அவர்களை நம்புகிறேன், போலீஸ் தாக்குமோ என்றுதான் பயமாக இருக்கிறது என்று வாதாடினார். பால்மே ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்வீடனில் பொதுத்தேர்தலுக்கு மூன்று வாரம்தான் பாக்கி; துப்பாக்கி முனையில் அரசு பணிந்தது என்ற பேச்சு வந்தால் என்ன ஆகும் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை.

ஆகஸ்ட் 28 இரவு புகை விடப்பட்டது, ஓல்சன் சரணடைந்தார். பிணைக்கைதிகள் முதலில் வெளியே வர வேண்டும் என்று போலீஸ் சொன்னது. அவர்கள் மறுத்தார்கள். தாங்கள் போனபின் உள்ளே இருக்கும் இருவரையும் போலீஸ் சுட்டுவிடும் என்று நினைத்தார்கள். வாசலில் கொள்ளையர்களைக் கட்டிப்பிடித்து விடைபெற்றார்கள். நாடு முழுக்கத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது புரியவில்லை. விளக்கம் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார்.

அந்த ஒருவர் நில்ஸ் பேயரோட். போதைப்பொருளுக்கு எதிரான கடுமையான கொள்கையால் ஸ்வீடனில் பெயர்பெற்றிருந்த மனநல மருத்துவர். முற்றுகையின்போது போலீசுக்கு ஆலோசகராக அந்த இடத்திலேயே இருந்தவர். நடந்ததற்கு ‘நார்மால்ம்ஸ்டோர்க் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்தது அவர்தான். வெளிநாட்டார் வாயில் நுழையாத அந்தச் சதுக்கத்தின் பெயர் ‘ஸ்டாக்ஹோம்’ ஆனது. பேயரோட் தன்னிடம் பேசாமலேயே தன் மனதைக் கணித்துவிட்டார் என்று என்மார்க் பின்னாளில் சொன்னார். போலீசைக் குறை சொன்ன பெண்ணுக்குப் போலீசின் ஆலோசகரே நோய் கண்டுபிடித்தார் என்பதுதான் இந்தப் பெயரின் பூர்வீகம். அவர் பயந்ததற்குக் காரணம் இருந்ததா என்று கேட்க வேண்டிய இடத்தில், அவருக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

கருத்து முற்றிலும் புதிதல்ல. அடிப்பவனைப் போலத் தன்னையே பாவித்துக்கொள்ளும் குழந்தைகளைப் பற்றி ஆனா ஃபிராய்ட் 1936இலேயே எழுதியிருந்தார். அதில் ஊர்ப் பெயரும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. அதனால் அது புத்தகத்தோடு நின்றது. ஸ்டாக்ஹோம் பெயருக்குக் காலமும் கைகொடுத்தது. 1974 பிப்ரவரியில் பத்திரிகை அதிபர் குடும்பத்து வாரிசு பாட்டி ஹெர்ஸ்ட் கலிபோர்னியாவில் கடத்தப்பட்டார். இரண்டே மாதத்தில் கடத்தியவர்களோடு சேர்ந்து, கையில் துப்பாக்கியோடு ஒரு வங்கியைக் கொள்ளையடித்தார். நீதிமன்றம் 1976இல் அவரைக் குற்றவாளி என்றே தீர்ப்பளித்தது. பேச்சுவழக்கில் மட்டும் அவர் இந்த சிண்ட்ரோமுக்கு நிரந்தர உதாரணமாகிவிட்டார்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஃபிராங்க் ஆக்பெர்க் 1970களின் இறுதியில் எஃப்.பி.ஐ. போன்ற அமைப்புகளுக்காக இதற்கு ஒரு வரையறை தந்தார். பிணைக்கைதிக்குக் கடத்தியவர்மீது பரிவு, கடத்தியவருக்குப் பிணைக்கைதிமீது பரிவு, இருவருக்கும் வெளியுலகின்மீது அவநம்பிக்கை. இதில் ஒரு நடைமுறை லாபமும் இருந்தது: இந்தப் பிணைப்பு வளர்ந்தால் கடத்தியவர் கொல்லத் தயங்குவார், ஆகவே பேச்சுவார்த்தையை இழுக்கலாம். போலீசின் கையேட்டில் அது நோயாக அல்ல, நல்ல அறிகுறியாகவே நுழைந்தது. வெளியுலகம் இந்தப் பகுதியை மறந்து, முதல் பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. இரண்டாவது பாகத்துக்குப் பிற்காலத்தில் ‘லிமா சிண்ட்ரோம்’ என்று தனிப்பெயர் வந்தது; 1996 டிசம்பரில் பெரு நாட்டில் ஜப்பானியத் தூதர் இல்லத்தைப் பிடித்த கிளர்ச்சியாளர்கள் பெரும்பாலான பிணைக்கைதிகளைச் சீக்கிரமே விட்டுவிட்டதை ஒட்டி எழுந்தது அது.

கதைகளுக்கு இந்தச் சொல் வரப்பிரசாதம். தமிழில் ‘மணி ஹைஸ்ட்’ என்றே அறியப்பட்ட ஸ்பானியத் தொடரில், கொள்ளையனைக் காதலித்துக் கும்பலில் சேரும் பிணைக்கைதிப் பெண்ணுக்குச் சூட்டப்படும் பெயர் ‘ஸ்டாக்ஹோம்’. மணிரத்னத்தின் ‘ராவணன்’ (2010) படத்தில் கடத்தப்பட்ட ராகினியின் மனம் வீராவின் பக்கம் சாய்வதைப் பேசும்போதும் இந்தச் சொல் எட்டிப்பார்க்கும்.

மருத்துவம் இவ்வளவு தாராளமாக இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இது இன்றுவரை இடம்பெறவில்லை. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, இதைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை பத்திரிகைச் செய்திகள்தான், ஏற்கப்பட்ட நோயறி விதிகள் ஏதும் இல்லை என்று கண்டது. பத்து வயதில் கடத்தப்பட்டு எட்டாண்டு அடைபட்டிருந்து 2006இல் தப்பிய ஆஸ்திரியப் பெண் நட்டாஷா கம்புஷ், தன்மீது ஒட்டப்பட்ட இந்த முத்திரையை ஏற்க மறுத்தார். தெரிந்த ஒரே மனிதமுகத்தோடு ஒத்துப்போவது நோயல்ல, பிழைக்கும் வழி என்பது அவர் வாதம். குடும்ப வன்முறையை ஆராய்ந்த ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஜெஸ் ஹில்லும் 2019இல் வந்த தன் நூலில் இந்தச் சொல்லைக் கடுமையாகச் சாடினார்.

ஓல்சனுக்குப் பத்தாண்டுச் சிறை கிடைத்தது. ஓலோஃப்சன் இந்த வழக்கில் மேல்முறையீட்டில் விடுதலையானார். வங்கி இருந்த கட்டடத்தில் இப்போது ஒரு ஹோட்டல் நடக்கிறது. என்மார்க் வங்கி வேலையை விட்டு மனநல சிகிச்சையாளரானார். 2015இல் தன் நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். அதன் தலைப்பைத் தமிழில் ‘நான் ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம் ஆனேன்’ என்று சொல்லலாம்.