மேலே ஏறக்கூடாது

“தம்பி, எறங்கு. அது மேலெல்லாம் ஏறக்கூடாது.”

நீச்சல் கற்றுக்கொண்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் பேட்டை நீச்சல் குளத்தின் ஆழமான முனையில் இருந்த தொடக்க மேடையில் ஏறி நின்றேன். ஸ்டார்ட்டிங் பிளாக் என்பார்களே, அதுதான். தொலைக்காட்சியில் பார்த்தபடி குனிந்து விளிம்பைப் பிடித்ததும் விசில் சத்தம். உயிர்காப்பாளர் தமிழர்.

“ஏண்ணே?”

“ரூல்ஸ் அப்படி.”

இறங்கிவிட்டேன். ஆனால் மனசுக்குள் எரிச்சல். சிங்கப்பூரில் நீச்சல் குளத்தின் வரலாறு கொஞ்சம் படித்தவனுக்கு ‘கூடாது’ என்ற சொல் சும்மா கேட்காது. 1894இல் தொடங்கிய சிங்கப்பூர் நீச்சல் மன்றம் பல பத்தாண்டுகள் ஐரோப்பியர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. சுற்றிலும் கடல் இருந்தும், மன்றத்தின் வாசலில் தோலின் நிறம் பார்த்தார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு 1931 வரை பொதுக் குளம் என்று ஒன்று கிடையாது. அந்த ஆண்டு மவுண்ட் எமிலியில் இருந்த பழைய நீர்த்தேக்கத்தை மாற்றி முதல் பொது நீச்சல் குளத்தைத் திறந்தார்கள். அடுத்த குளமான யான் கிட் வருவதற்கு 1952 ஆனது. 1957இல் ஃபேரர் பார்க், நம்ம லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்திலேயே. இவ்வளவு காத்திருந்து தண்ணீருக்குள் இறங்கியாச்சு, இப்போது மேடைக்கும் ஒரு வாசலா? அன்று வீடு திரும்பும்போது இதுதான் என் கோபம்.

அந்தக் கோபத்தோடுதான் மேடையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மேடையும் இல்லை, குளமும் இல்லை. ஜியா விரிகுடாவில் படகிலிருந்து குதித்தார்கள். தண்ணீர் குளிரில் விறைத்தது. ஹங்கேரியின் ஆல்ஃப்ரெட் ஹாயோஷ் உடம்பில் கொழுப்பைப் பூசிக்கொண்டு நீந்தி 100 மீட்டரை வென்றார். பிறகு குளங்கள் வந்தன. வீரர்கள் குளத்தின் விளிம்பிலிருந்தே பாய்ந்தார்கள். ஒலிம்பிக்கில் தொடக்க மேடை வந்தது 1936இல், பெர்லினில். உயரத்திலிருந்து பாய்ந்தால் வேகம் கூடும். விநாடியின் பின்னங்களுக்காகப் பிறந்த பொருள் அது.

உயரம் கூடினால் ஆபத்தும் கூடும். அதனால் உலக நீச்சல் விதிகள் மேடையை அளந்து வைத்திருக்கின்றன. நீர்மட்டத்திலிருந்து 0.5 முதல் 0.75 மீட்டர் உயரம். சாய்வு 10 பாகைக்கு மேல் போகக்கூடாது. மேடை உள்ள சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி, 6 மீட்டர் வரை, தண்ணீர் குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் இருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேடையில் நிற்கும்போது என் உடலின் மையம் நீருக்கு மேலே ஒன்றரை மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் இருக்கும். அங்கிருந்து விழுந்தால் தண்ணீரைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 5 மீட்டரைத் தாண்டும். பழகியவர் கைகளை நீட்டி, நீர்ப்பரப்பை ஒட்டியே வழுக்கிக்கொண்டு போவார். பழகாதவர் செங்குத்தாக இறங்குவார். ஆழமில்லாத இடத்தில் தலை தரையில் மோத ஏறக்குறைய கால் விநாடி போதும். பெரும்பாலும் உடைவது கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது முள்ளெலும்புகள். அதற்குப் பிறகு கை, கால் அசையாமல் போகலாம். 1.35 மீட்டர் என்ற அந்த எண்கூட, பாயத் தெரிந்தவரை மனதில் வைத்து எழுதிய எண்தான். என்னை வைத்து எழுதியது அல்ல.

அடுத்த வாரம் அந்த அண்ணனிடம் போய், “மன்னிச்சுக்குங்கண்ணே” என்றேன். சிரித்தார். எதிர்முனைக்குக் கூட்டிப்போய்த் தரையைக் காட்டினார். ஒவ்வொரு நீச்சல் தடத்துக்கும் நேராக நான்கு துரு வட்டங்கள். ஒருகாலத்தில் அங்கேயும் மேடைகள் இருந்தனவாம். பிறகு கழற்றிவிட்டார்களாம். “உள்ள எறங்கி நில்லு” என்றார். நின்றேன். தண்ணீர் என் மார்பு வரைக்கும்தான் வந்தது. அந்த வட்டங்களுக்கு மேலிருந்து தலைகுப்புறப் பாய்வதை நினைத்ததும் வயிற்றைப் பிசைந்தது.

மன்றத்தின் வாசலில் இருந்த ‘கூடாது’ மனிதனை அளந்தது. மேடையில் இருக்கும் ‘கூடாது’ தண்ணீரை அளக்கிறது. இரண்டும் ஒன்றில்லை. ஆனால் காரணம் சொல்லாதவரை இரண்டும் ஒரே மாதிரிதான் காதில் விழும். வரலாறு நமக்குக் கொடுத்திருக்கும் காது அது.

இருந்தாலும் என் கோபம் முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன். பயிற்றுநர் இருந்தால் மேடையில் ஏறலாம். பயிற்றுநருக்குக் காசு வேண்டும். ஆங் பெங் சியோங் 1982இல் 50 மீட்டரை 22.69 விநாடியில் நீந்தி அந்த ஆண்டின் உலக வேகமான நேரத்தைப் பதித்தவர். அவர் வளர்ந்தது ஃபேரர் பார்க் பொதுக் குளத்தில்; அவருடைய அப்பா அங்கே வேலை பார்த்தார். பொதுக் குளத்திலிருந்தும் ஒருவர் அவ்வளவு தூரம் போக முடிந்திருக்கிறது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது.

ஆகவே, மேடையை எல்லோருக்கும் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம், கட்டணமில்லாமல், பாயச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ‘ஏறக்கூடாது’ என்ற பலகைக்குக் கீழே, ஏன் என்று ஒரு வரியும் வேண்டும்.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். “எழுதிக் குடு தம்பி, ஆபீஸ்ல குடுக்கிறேன்” என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவரைக்கும் ஏணியில் இறங்கித்தான் நீந்துகிறேன்.