ஜெஃபர்சன் கவுண்டி சாக்கடைப் பத்திர வழக்குகள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்காம் நகரை உள்ளடக்கிய ஜெஃபர்சன் கவுண்டி வெளியிட்ட பாதாளச் சாக்கடைப் பத்திரங்கள் தொடர்பான வழக்குகள் இவை. பொது வருவாய்ப் பத்திரத் தகராறை விசாரிக்கும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கு உண்டு என்பதற்கு முக்கியமான எடுத்துக்காட்டு.

வருவாய்ப் பத்திரம் வாங்கியவர் பொது வரிப்பணத்தில் உரிமை கோர முடியாது. திட்டம் ஈட்டும் கட்டணம் மட்டுமே அவருக்கு ஈடு. ஆகவே பணம் வராதபோது, கட்டணத்தை உயர்த்த உத்தரவிடுவது யார் என்பதே வழக்கின் மையமாகிவிடுகிறது.

ஆறுகளில் கழிவுநீர் கலந்ததற்காகத் தொடரப்பட்ட வழக்கில், 1996இல் சாக்கடையைச் சீரமைக்க கவுண்டி ஒப்புக்கொண்டது. அதற்காக வாங்கிய கடன் 300 கோடி டாலரைத் தாண்டியது. ஒப்பந்தங்களில் லஞ்சமும் புகுந்தது; கவுண்டி ஆணையத்தின் தலைவராக இருந்த லாரி லாங்ஃபோர்டு 2009இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். 2008 நிதி நெருக்கடியில் வட்டி எகிற, தவணைகள் தவறின.

பத்திரதாரர்களுக்கான அறங்காவலர் வங்கி முதலில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தை நாடியது. சாக்கடை அமைப்பை நிர்வகிக்க நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவரைக் கோரும் உரிமை பத்திரதாரர்களுக்கு உண்டு என்று நீதிமன்றம் 2009இல் ஏற்றது. ஆனால் உள்ளூர்ச் சேவைக் கட்டணங்களில் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தலையிடுவதைத் தடுக்கும் 1934ஆம் ஆண்டின் ஜான்சன் சட்டம் குறுக்கே நின்றதால், அது ஒதுங்கிக்கொண்டது. வங்கி மாநில நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே 2010 செப்டம்பரில், கட்டணத்தை உயர்த்தும் அதிகாரத்துடன் ரிசீவர் நியமிக்கப்பட்டார்.

2011 நவம்பர் 9 அன்று கவுண்டி திவால் மனு தாக்கல் செய்ததும் நிலைமை தலைகீழானது. கடனாளியின் சொத்து முழுவதும் இனித் தன் தனி அதிகார வரம்பில் என்று திவால் நீதிபதி தாமஸ் பென்னெட் 2012 ஜனவரியில் தீர்ப்பளித்தார். ரிசீவர் நிர்வாகத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் இயக்கச் செலவு போக மிஞ்சும் வருவாய் பத்திரதாரர்களுக்கே போகும் என்றும் அதே தீர்ப்பு கூறியது. போர்ட்டோ ரிக்கோ நெடுஞ்சாலைப் பத்திர வழக்கில் முதலாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் வேறு வழி சென்றது: திவால் நடவடிக்கையின்போது அப்படிச் செலுத்தலாம், செலுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை.

2013 நவம்பரில் உறுதிசெய்யப்பட்ட கடன் தீர்வுத் திட்டத்தில் கடன் கொடுத்தவர்கள் 100 கோடி டாலருக்கும் மேல் விட்டுக்கொடுத்தார்கள். அதற்கு ஈடாகக் கட்டண உயர்வு நிச்சயிக்கப்பட்டது. அதை நிறைவேற்றும் அதிகாரத்தைத் திவால் நீதிமன்றம் தன்னிடமே வைத்துக்கொண்டது. மாநிலச் சட்டத்தின் கீழ் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் முடிவு செய்ய வேண்டிய கட்டணம் இப்படி நீதிமன்றக் கண்காணிப்புக்குள் போனதைக் கட்டணம் செலுத்துவோர் எதிர்த்தனர். அது நியாயமான கேள்வி. முழு விசாரணைக்கு உரியது. ஆனால் புதிய பத்திரங்கள் ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டதால் திட்டத்தைக் கலைக்க இயலாது என்று கூறி, பதினொன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் அந்த மேல்முறையீட்டை முடித்துவைத்தது. கட்டண உயர்வு சட்டப்படி செல்லுமா என்பதை அது தீர்மானிக்கவில்லை.