தபால் நிலையம்: அமானிதம் சுமக்கும் இடம்

கைபேசி வந்தபின் தபால் நிலையத்திற்கு இனி என்ன வேலை என்று நம்மில் பலர் கேட்கிறோம். ஒருவர் கொடுத்ததைப் பிரிக்காமல், குறைக்காமல் உரியவரிடம் சேர்ப்பதே அதன் வேலை. மார்க்கத்தின் சொல்லில் இது அமானிதம்.

சுலைமான் (அலை) அவர்களின் கடிதத்தை ஹுத்ஹுத் பறவை ஸபா நாட்டு அரசியிடம் சேர்த்த செய்தி ஸூரத்துந் நம்லில் வருகிறது. நபி (ஸல்) அவர்கள் ரோமப் பேரரசருக்கு எழுதிய கடிதத்தைத் திஹ்யா அல்கல்பீ (ரலி) கொண்டு சென்றார்கள். முத்திரை இல்லாத கடிதத்தை மன்னர்கள் ஏற்பதில்லை என்று சொல்லப்பட்டபோது, நபியவர்கள் வெள்ளி மோதிரத்தில் முத்திரை செய்துகொண்டார்கள். முஆவியா (ரலி) அவர்களின் ஆட்சியில் 'பரீத்' என்னும் தபால் துறை ஒழுங்குபடுத்தப்பட்டது. முஹம்மது பின் துக்ளக் காலத்தில் இந்தியா வந்த இப்னு பதூதா, மணி கட்டிய கோலுடன் ஓடிய தபால்காரர்களைப் பற்றித் தம் பயண நூலில் எழுதியுள்ளார்.

நம் நாட்டில்

1774இல் கல்கத்தாவிலும் 1786இல் சென்னையிலும் தலைமைத் தபால் நிலையங்கள் திறக்கப்பட்டன. 1854இல் நாடு முழுமைக்கும் தபால்தலையும், தூரத்தைப் பார்க்காத ஒரே கட்டணமும் வந்தன. அதன்பின் ஏழையும் தொலைவில் இருப்பவருக்குக் கடிதம் போட முடிந்தது. 1880இல் மணியார்டரும் 1882இல் சேமிப்பு வங்கியும் தொடங்கின.

நம் இலஞ்சிக்கு அருகிலுள்ள செங்கோட்டை, 1956 நவம்பர் 1 வரை முதலில் திருவாங்கூரையும் பின்பு திருவாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்தது. திருவாங்கூர் சமஸ்தானத்தின் தபால் துறைக்கே 'அஞ்சல்' என்று பெயர். 1951இல் அது இந்தியத் தபால் துறையுடன் இணைந்தது. இன்று நம் அரசு எழுதும் 'அஞ்சலகம்' என்ற சொல்லும் அதே வேரைச் சேர்ந்ததுதான்.

சபர் போனவர்களும் தபாலும்

கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் பலர் பிழைப்புக்காகச் சிங்கப்பூர் சென்றார்கள். அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இல் தொடங்கும் அளவுக்கு நம்மவர்கள் பெருகியிருந்தனர். அடுத்த ஆண்டே சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. 1945 வரை வழக்கமான கடிதமும் இல்லை, மணியார்டரும் இல்லை. கணவர் ஹயாத்தோடு இருக்கிறாரா என்று தெரியாமல் பெண்கள் வருடக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. கடிதம் நின்றால் ஒரு வீடு எப்படித் தவிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தமிழ் எழுத்து கற்காத தாய்மார்களுக்குக்கூட, குர்ஆன் ஓதப் படித்த எழுத்தைக் கொண்டு அரபுத்தமிழில் கடிதம் எழுதும் வழி அக்காலத்தில் இருந்தது.

பின்கோடு

1972 ஆகஸ்ட் 15 முதல் ஆறு இலக்கப் பின்கோடு நடைமுறையில் உள்ளது. இலஞ்சியின் எண் 627805. முதல் இலக்கமான 6 தமிழகம், கேரளம் அடங்கிய மண்டலத்தைக் குறிக்கும். 627 திருநெல்வேலிப் பகுதி. கடைசி மூன்று இலக்கம் நம் தபால் நிலையம். 2019இல் தென்காசி தனி மாவட்டமான பின்பும் இந்த எண் மாறவில்லை. குற்றாலத்திற்கு 627802, தென்காசிக்கு 627811. பக்கத்து ஊர்தானே என்று எண்ணை மாற்றி எழுதினால், கடிதம் அந்த ஊருக்குப் போய்த்தான் திரும்பும்.

இன்றைய பயன்

பாஸ்போர்ட் ஸ்பீடு போஸ்டில் வருகிறது. அதை விண்ணப்பித்தவரிடமே தருவார்கள். ஆகவே வீடு மாறியவர்கள் பழைய முகவரியைக் கொடுத்துவிட்டு, விசா நேரத்தில் அலையக் கூடாது. 2018இல் தொடங்கிய இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி மூலம், ஓய்வூதியம் பெறும் பெரியவர்கள் வீட்டிலிருந்தே ஆயுள் சான்று கொடுக்கலாம். ஆதார் கைரேகை வைத்துப் பணமும் எடுக்கலாம். கைரேகை என்பது கையெழுத்துக்குச் சமம். எவ்வளவு தொகை என்று கேட்டு, பெற்ற பணத்தை எண்ணிச் சரிபார்க்கும்படி நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லி வைப்போம்.

சேமிப்புக் கணக்கிலும் வைப்புத் திட்டங்களிலும் வட்டி உண்டு என்பதை நாம் மறக்கக் கூடாது. வட்டி ஹராம். நடப்புக் கணக்கில் வட்டி கிடையாது. அது நமக்குக் கிடைக்குமா என்று முதலில் விசாரிப்போம். வேறு வழியின்றிச் சேமிப்புக் கணக்கு வைத்து அதில் வட்டி சேர்ந்துவிட்டால், நன்மையை எதிர்பாராமல் அதை ஏழைகளுக்குக் கொடுத்து நீக்கிவிட வேண்டும் என்பது உலமாக்கள் பலரின் கருத்து. தம் நிலையைச் சொல்லி உள்ளூர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அமானிதம் தபால்காரரோடு முடிந்துவிடுவதில்லை. பக்கத்து வீட்டுக் கடிதம் நம் கைக்கு வந்தால் பிரிக்காமல், தாமதிக்காமல் கொடுத்துவிட வேண்டும். அதில் ஒரு பிள்ளையின் வேலை உத்தரவு இருக்கலாம், ஒரு விதவையின் உதவித்தொகைக் கடிதம் இருக்கலாம். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும் மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக.