கள்ளிவேலியும் கண்ணாடி வீடும்

சப்பாத்திக்கள்ளியும் சதுரக்கள்ளியும் பேச்சுவழக்கில் கள்ளி என்றே வழங்கினாலும், அவை வெவ்வேறு கண்டங்களில் தோன்றிய, ஒன்றுக்கொன்று உறவில்லாத இரு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒடித்தால் பால் வடியும் சதுரக்கள்ளியும் இலைக்கள்ளியும் யூபோர்பியா பேரினத்தைச் சேர்ந்த இந்நாட்டுச் செடிகள். சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்கக் கண்டத்துக் காக்டஸ் குடும்பத்தது. இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும் மரங்களில் தொற்றி வளரும் ஒரேயொரு இனத்தைத் தவிர, அக்குடும்பத்தின் செடி எதுவும் ஐரோப்பியர் கடல்கடந்து அமெரிக்காவை அடைவதற்கு முன் ஆசிய மண்ணில் இயல்பாக வளர்ந்ததில்லை. எனவே சங்கப் பாடல்களில் பாலை நிலத்திலும் சுடுகாட்டிலும் நிற்கும் கள்ளி யூபோர்பியா இனத்ததாகவே இருந்திருக்க வேண்டும். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற பெருநூலில் பதிவான திருகள்ளி என்ற பெயரையே லின்னேயஸ் பின்னர் ஒரு கள்ளியினத்தின் அறிவியற்பெயராக ஏற்றுக்கொண்டார்.

புதுச்சேரியைச் சுற்றிய நாட்டுப்புறத்தில் முட்செடி வேலிக்கு இருந்த மதிப்பு, பயிர்க்காவலோடு நின்றுவிடவில்லை. வில்லியனூரும் பாகூரும் 1749இல் கர்நாடக நவாப் சந்தா சாகிபிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த பகுதிகள். கொம்யூன் எனப்படும் உள்ளாட்சி அலகுகளாக அவை அமைக்கப்பட்டது வெகுகாலத்துக்குப் பின், 1880ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் ஆணையால். பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரி நகரைக் கோட்டைமதிலுக்கு அப்பால் வளைத்து, அரியாங்குப்பம் ஆற்றுப் பக்கத்திலிருந்து வடக்கே கடற்கரைவரை ஓர் எல்லைவேலி நின்றது. கற்றாழையும் முட்செடிகளும் அடர, இடையிடையே தென்னையும் பனையும் கலந்து வளர்ந்த அந்த உயிர்வேலியைக் குதிரைப்படை ஊடுருவ இயலாது, காலாட்படைக்கும் அது பெருந்தடை என்று ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதிவைத்தார். சாலைகள் வேலியைக் கடந்த இடங்களில் காவலரண்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று வில்லியனூரின் பெயரைத் தாங்கியது. 1760ஆம் ஆண்டு ஜூலையில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படை வில்லியனூர்க் கோட்டையைப் பிடித்தது. செப்டம்பரில் எல்லைவேலியும் அதன் காவலரண்களும் விழுந்தன. 1761 ஜனவரியில் நகரம் சரணடைந்தது. முற்றுகை வரலாற்றில் பீரங்கிகளுக்கும் தளபதிகளுக்கும் கிடைத்த இடம் இந்த வேலிக்குக் கிடைக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது. ஒரு நகரத்தின் வெளிக்காவலைத் தலைமுறை தலைமுறையாக நட்டும் நிரவியும் வளர்த்தவர்கள் சுற்றுவட்டாரத்து உழைப்பாளிகளே.

அதே நூற்றாண்டில், இங்கே வெயிலில் வேலியாக நின்ற வகைச் செடிகளை ஐரோப்பியர் கண்ணாடிக்குள் வைத்துப் பேணினர். குளிர்காலத்தில் உறைபனி விழும் மிதவெப்ப நாடுகளில் நீரைத் தண்டிலும் இலையிலும் சேமிக்கும் சதைப்பற்றுத் தாவரம் வெட்டவெளியில் பிழைப்பது அரிது. சேமித்த நீர் உறைந்தால் திசுக்கள் சிதைந்து, பனி இளகியதும் செடி அழுகிவிடும். எனவே சூடேற்றிய கண்ணாடி வீட்டில் குளிர்காலம் முழுவதும் நீரை ஏறக்குறைய நிறுத்தி, செடியை உறங்கவிட்டுக் காப்பது அங்கே வழக்கமாயிற்று. லண்டனுக்கு அருகே எல்தாமில் ஜேம்ஸ் ஷெரார்டு வளர்த்த தோட்டத்தின் அரிய செடிகளை வரைந்து, 1732இல் படநூலாக வெளியிட்டவர் தாவரவியலர் ஜொஹன் ஜேக்கப் டில்லேனியஸ். தமிழ்நாட்டுக் கரிசலையும் செம்மண்ணையும் பின்னாளில் மூடப்போகும் சப்பாத்திக்கள்ளியின் ‘டில்லேனி’ என்ற இனப்பெயர் 1818இல் அவர் நினைவாகவே இடப்பட்டது.

அமெரிக்கக் கள்ளியினங்கள் இந்தியாவில் பேணி வளர்க்கப்பட்டதற்கு வேலியை விடவும் வலுவான காரணம் செந்நிறச் சாயம். கள்ளித்தண்டின் சாற்றை உறிஞ்சி வாழும் கோச்சினீல் என்ற சிறு பூச்சியை உலர்த்திப் பொடித்தால் கிடைக்கும் அச்சாயம், மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயினின் தனிச்சொத்தாக இருந்தது. பிரெஞ்சுத் தாவரவியலர் தியெரி தெ மெனோன்வில் 1777இல் ஒவாகா பகுதிக்குச் சென்று, பூச்சியையும் செடியையும் மறைவாகக் கடத்திக் கரீபியத்தின் பிரெஞ்சுக் குடியேற்றத்துக்குக் கொண்டுவந்தார். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவத் தலைவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் அதே கனவோடு சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் ஒன்றை நிறுவினார். 1795இல் கேப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த பூச்சியோ, சாயம் குறைந்த காட்டுவகையாக இருந்தது. அது வணிகத்துக்கு உதவவில்லை. ஆனால் மோனகாந்தா என்ற கள்ளியினத்தைத் தின்று அழிப்பதில் வல்லதாக இருந்தது. அதைக் கண்டவர்கள் 1836–1838இல் தென்னிந்தியாவுக்கும், 1860களில் இலங்கைக்கும் அந்தப் பூச்சியைக் கொண்டுசென்றார்கள். ஒரு களையை அதன் இயற்கைப் பகையைக் கொண்டு அடக்க உலகில் மேற்கொள்ளப்பட்ட முதல் முயற்சி என்று பூச்சியியலர் இதனையே குறிப்பிடுகின்றனர்.

அந்தப் பூச்சி மோனகாந்தாவை மட்டுமே உண்டது. டில்லேனி இனத்தை அது தொடாததால், மற்றது அழிந்த இடத்திலும் டில்லேனி கேட்பாரற்றுப் பெருகியது. தண்டின் துண்டு ஒன்று மண்ணில் விழுந்தாலே வேர்விடும். பழத்தைத் தின்ற பறவைகள் விதையைப் பரப்பும். வெட்டினால் வெட்டிய துண்டுகளெல்லாம் முளைக்கும். வேலியாக நட்டது மேய்ச்சல் நிலத்தையும் புறம்போக்கையும் ஊர்வழியையும் அடைத்தது. கண்ணாடி வீட்டில் ஒவ்வொரு செடிக்கும் ஒரு காப்பாளர் இருந்தார். சோழமண்டலக் கரையில் செடியை நட்டவர்களோ சாயத்தின் வருமானத்தை மட்டும் கணக்கிட்டு, அது தோற்றதும் விட்டுவிட்டுப் போனார்கள். பழியைச் செடியின்மேல் சுமத்துவது நியாயமன்று.

விடிவு கிடைத்தது 1926இல். இலங்கை வழியாக வந்த ‘டாக்டிலோப்பியஸ் ஒப்பன்டியே’ என்ற வேறொரு கோச்சினீல் இனம் சென்னை மாகாணத்தில் விடப்பட்டபோது, அது டில்லேனியை வெறியோடு உண்டு, ஐந்தாறு ஆண்டுகளுக்குள் தென்னிந்தியாவில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் நிலத்தைக் கள்ளியிடமிருந்து மீட்டது. கோயம்புத்தூரின் பூச்சியியலர் டி. வி. ராமகிருஷ்ண அய்யர் 1931இல் இப்பூச்சிகளின் பொருளாதாரப் பயன் குறித்து ஆய்வுக்கட்டுரை எழுதினார். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்கள் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட தென்னார்க்காட்டு ஊர்களோடு பின்னிக் கிடந்தவை. ஆட்சி எல்லை செடிக்கோ காற்றில் பறக்கும் இளம்பூச்சிக்கோ பொருட்டாக இருந்திருக்க இயலாது. கள்ளி விட்டுச்சென்ற வெற்றிடங்கள் பலவற்றில் பிற்காலத்தில் சீமைக்கருவேலம் குடியேறியது; வயல் வரப்பிலும் தோப்பு ஓரத்திலும் முள்கம்பி வேலி வந்தது. பழைய சதுரக்கள்ளி வேலி மீண்டும் நடப்பட்டிருக்கலாம். அது இந்த மண்ணுக்குரியது, நீரும் உரமும் கேளாதது.

தோட்டக்கலையாகக் கள்ளி வளர்ப்பது இப்பகுதிக்கு வேறு வழியில் வந்தது. புதுச்சேரியின் தாவரவியல் தோட்டம் 1826இல் நிறுவப்பட்டது. அதனோடு நெடுங்காலம் தொடர்புடைய தாவரவியலர் ஜோர்ஜ் சாமுவேல் பெரொத்தே, நீலகிரியிலும் செடிகளைத் திரட்டி, 1870இல் புதுச்சேரியிலேயே மறைந்தார். தமிழ்நாட்டில் ஐரோப்பாவை ஒத்த குளிர்நிலங்களுள் ஒன்று நீலகிரி. லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து வந்த வில்லியம் கிரகாம் மக்கைவர் 1848இல் பொறுப்பேற்று உருவாக்கிய உதகமண்டலத் தாவரவியல் தோட்டத்தில், உறைபனிக்கு அஞ்சும் செடிகளைக் கண்ணாடி வீட்டுக்குள் வளர்க்கும் முறை பொருளுடையது. இமயமலை அடிவாரத்தின் கலிம்போங்கும் கண்ணாடி வீட்டுக் கள்ளி வளர்ப்புக்குப் பெயர்பெற்றது.

புதுச்சேரிச் சமவெளியின் சிக்கல் நேர்மாறானது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கொட்டும் இடத்தில், கூரை வேண்டியது குளிரைத் தடுக்கவன்று, மழையைத் தடுக்கவே. மேலும், கள்ளியினங்கள் பகலில் தண்டின் துளைகளை மூடிவைத்து, இரவில் அவற்றைத் திறந்து கரிவளியை உள்வாங்கி அமிலமாகச் சேமிப்பவை. இரவு குளிர்ந்தால்தான் இவ்வேலை நன்கு நடக்கும். கடற்கரையோரத்தின் புழுக்கமான இரவில் மெக்சிகோ, ஆண்டஸ் மலைநாட்டு இனங்கள் தளர்வது அதனாலேயே. இங்கு வளர்ப்போர் பக்கங்களைத் திறந்துவிட்டு, மேலே மட்டும் பாலித்தீன் விரித்து, அதன்கீழ் நிழல்வலை கட்டி, மணலும் செங்கற்பொடியும் மிகுந்த கலவையில் நடுகின்றனர். ஐரோப்பிய வளர்ப்பாளர் குளிரை முன்னிட்டு நீரை நிறுத்தும் அதே மாதங்களில், இவர்கள் காற்றின் ஈரத்தை முன்னிட்டு நிறுத்துகின்றனர். இரு நாட்டுக் கூரைகளுக்கும் பொதுவான பகை மாவுப்பூச்சி. அது 1926இல் மாகாணத்தைக் காத்த கோச்சினீலின் உறவினம். கூரைக்கடியில் மழை அதைக் கழுவாது. ஆகவே வளர்ப்போர் பஞ்சை எரிசாராயத்தில் நனைத்து, முள்ளின் இடுக்குகளில் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுக்கின்றனர்.