வீட்டுக்கு வீடு தோட்டா, ஆனா மருந்து இல்லை

சொட்டுநீர் போட்டிருக்கிற நம்ம ஆளுங்களுக்கு 13-0-45 உரம் தெரியும். காய் பெருக்கிற சமயத்துல தண்ணியில கரைச்சு விடுற வெள்ளை உப்பு, பொட்டாசியம் நைட்ரேட். இதோட பழைய பேரு வெடியுப்பு. பொட்டிலுப்புன்னும் சொல்லுவாங்க. இதோட கரியும் கந்தகமும் சேர்ந்ததுதான் அந்தக் காலத்துத் துப்பாக்கி மருந்து. அதுல முக்கால் பங்குக்குக் கிட்ட இந்த உப்புதான்.

அமெரிக்காவுல பல பேர் சுட்ட தோட்டாவோட பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, வீட்டுலயே மறுபடியும் மருந்தும் குண்டும் அடைச்சு வச்சுக்கிறாங்க. எப்ப தட்டுப்பாடு வருமோன்னு முன்கூட்டியே டப்பா டப்பாவா சேர்த்தும் வைக்கிறாங்க. அந்தப் பயம் இன்னைக்கு நேத்து வந்ததில்லை. அந்த நாடு பிறந்ததே மருந்துத் தட்டுப்பாட்டுக்கு நடுவுலதான்.

1774 அக்டோபர்ல இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஜார்ஜ், அமெரிக்கக் குடியேற்றங்களுக்குத் துப்பாக்கியும் மருந்தும் ஏற்றுமதி பண்ணக் கூடாதுன்னு உத்தரவு போட்டார். அதுக்கு முந்தின மாசமே பாஸ்டன் பக்கத்துல இருந்த மருந்துக் கிடங்கை அவரோட படை காலி பண்ணிக் கொண்டுபோயிருச்சு. 1775 ஏப்ரல் 19ல முதல் வெடி வெடிச்சதும் இதுக்காகத்தான். கான்கார்டுங்கிற ஊர்ல குடியானவங்க சேர்த்து வச்சிருந்த ஆயுதத்தையும் மருந்தையும் அழிக்கத்தான் படை கிளம்பி வந்துச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு ஜூன் 17ல பங்கர் ஹில் சண்டை. ஏறி வந்த ராணுவத்தை ரெண்டு தடவை கீழே விரட்டிட்டாங்க. மூணாவது தடவை சுட மருந்து இல்லை. மேட்டை விட்டுட்டு இறங்க வேண்டியதாப் போச்சு.

ஜூலையில ஜார்ஜ் வாஷிங்டன் வந்து தலைமை ஏத்துக்கிட்டார். கையில 308 பீப்பாய் மருந்து இருக்குன்னு அவருக்குக் கணக்குச் சொல்லியிருந்தாங்க. ஆகஸ்ட் ஆரம்பத்துல எண்ணிப் பார்த்தா இருந்தது சுமார் 36. அதுவரைக்கும் வந்த வரவை எழுதினவங்க, செலவானதைக் கழிக்கவே இல்லை. (நம்ம ஊர்லயும் உர மூட்டை இருப்பு நோட்டுல ஒண்ணா இருக்கும், குடோன்ல ஒண்ணா இருக்கும். அது உலக வழக்கம் போல.) ஆளுக்கு ஒன்பது தோட்டாதான் தேறுச்சு. சேதி கேட்ட வாஷிங்டன் அரைமணி நேரம் வாய் திறக்கலைன்னு கூட இருந்த தளபதி சல்லிவன் எழுதி வச்சிருக்கார். எதிரிப் படை கூப்பிடு தூரத்துல பாஸ்டனுக்குள்ள உட்கார்ந்திருந்துச்சு. அவங்க காதுக்குப் போகாம இதை மறைச்சதே பெரிய காரியம்.

அப்போ வீடுகள் இறங்கி வேலை பார்த்துச்சு. அந்தக் காலத்துத் தோட்டாங்கிறது பெரிய கம்பசூத்திரம் இல்லை. ஈய உருண்டை ஒண்ணு, கூடவே ஒரு தரம் சுடுறதுக்கான மருந்து, ரெண்டையும் காகிதத்துல சுருட்டி முடிஞ்சா தோட்டா. ஈயம் அடுப்படி நெருப்புலயே உருகும். அச்சு இருந்தா குழந்தைகூட வார்க்கும். வார்க்கவும் செஞ்சாங்க.

நியூயார்க்ல 1770ல வச்ச ராஜாவோட சிலை ஒண்ணு இருந்துச்சு. குதிரை மேல உட்கார்ந்த மாதிரி, ஈயத்துல வார்த்துத் தங்கப் பூச்சு பூசினது. 1776 ஜூலை 9ல விடுதலை அறிக்கையைப் படிச்சுக் காட்டின சாயங்காலமே, ஜனங்க கயிறு கட்டி அதைச் சாய்ச்சாங்க. துண்டுகளைக் கனெக்டிகட்டுல லிட்ச்ஃபீல்டுங்கிற ஊருக்குக் கொண்டுபோனாங்க. அங்க ஆலிவர் வால்காட்டுங்கிறவர் வீட்டுல பொண்டு புள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து உருக்கி 42,088 தோட்டா செஞ்சாங்க. யார் யார் எத்தனை செஞ்சாங்கன்னு பேரோட கணக்கு இருக்கு. இந்தக் கணக்கு மட்டும் சுத்தமா எழுதியிருக்காங்க.

குண்டு ஆச்சு, காகிதமும் ஆச்சு. மருந்துக்கு எங்க போறது? அங்கதான் முட்டிக்கிச்சு.

நம்ம மாட்டுக் கட்டுத்தறியில மூத்திரம் ஊறின சுவத்தடியில வெள்ளையா உப்புப் பூக்கும் பாருங்க, வெடியுப்புக்கு அதுதான் மூலம். சாணியும் மூத்திரமும் மண்ணுல மக்கி, கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க அதை நைட்ரேட்டா மாத்தணும். எரு மக்குற வேகம் நமக்குத் தெரியாதா? உப்புக்குன்னு குழி போட்டா பலன் பார்க்க வருஷக்கணக்கு ஆகும். அமெரிக்கக் காங்கிரஸ் 1775லயே வெடியுப்பு எடுக்கிறது எப்படின்னு புத்தகம் அச்சடிச்சு ஜனங்களுக்குக் கொடுத்துச்சு. எடுத்துட்டு வந்தா விலை கொடுத்து வாங்கிக்கிறோம்னும் சொல்லிச்சு. காங்கிரஸ்ல இருந்த ஜான் ஆடம்ஸ், நீ வெடியுப்பு காய்ச்சுறியான்னு ஊர்ல இருந்த தன் சம்சாரம் அபிகேலுக்குக் கடிதம் போட்டுக் கேட்டார். அந்தம்மா 1776 மார்ச்சுல பதில் எழுதினாங்க: இன்னும் தொடங்கலை, சோப்புக் காய்ச்சி முடிச்சதும் பார்க்கலாம்னு இருக்கேன், குடும்பத்துக்குத் துணி நெய்யவே நேரம் சரியாப் போகுதுன்னு. காட்டு வேலை, வீட்டு வேலை எல்லாம் ஒத்தை ஆளாப் பார்க்கிற பொம்பளை வேற என்ன எழுதுவாங்க!

பலன் என்னன்னா, 1777 கடைசி வரைக்கும் அவங்க சண்டைக்குக் கிடைச்ச மருந்துல நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல வெளிநாட்டு மருந்து, இல்லைன்னா வெளிநாட்டு உப்புல செஞ்ச மருந்து. பிரான்ஸ் ரகசியமா அனுப்புச்சு. டச்சுக்காரங்களோட சின்ட் யூஸ்டேசியஸ்னு ஒரு குட்டித் தீவு வழியாவும் கப்பல் கப்பலா வந்துச்சு. உள்ளூர் மண்ணுல எடுத்த உப்பு ரொம்பச் சொற்பம்.

எதிராளிக்கு இந்தக் கவலையே கிடையாது. காரணம் நம்ம நாடு. பீகார்ல பாட்னா பக்கம், வெயில் காலத்துல ஊரடி மண்ணுல தானாவே இந்த உப்புப் பூக்கும். அதைச் சுரண்டிக் கரைச்சுக் காய்ச்சுறதே நோனியான்னு ஒரு சாதிக்குக் குலத்தொழில். 1757 பிளாசி சண்டைக்குப் பிறகு அந்த வியாபாரம் மொத்தமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போயிருச்சு. பிரெஞ்சுக்காரனுக்கே இந்திய உப்பு கிடைக்காமப் போய், 1775ல லவாய்சியேங்கிற பெரிய ரசாயன அறிஞரை வச்சுத் தன் நாட்டு உப்புத் தொழிலைச் சீர்படுத்த வேண்டியதாச்சு. பீகார் குடியானவன் சுரண்டின மண்ணு எந்தக் கண்டத்துல போய் யார் மேல வெடிச்சுதுன்னு அவனுக்கு ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டாங்க. அவன் கைக்கு வந்த கூலி என்னவோ சொற்பம்தான்.

அந்த ராஜா சிலையை முழுசா உருக்கலை. கொண்டுபோற வழியிலயே ராஜா பக்கத்து ஆளுங்க சில துண்டைத் திருடிப் புதைச்சிட்டாங்க. 1871ல வில்டன்ங்கிற ஊர்ல நிலத்தைத் தோண்டினப்போ குதிரையோட வால் கிடைச்சுது. நியூயார்க் வரலாற்றுச் சங்கத்து அருங்காட்சியகத்துல வச்சிருக்காங்க.