வேகமும் மெய்யும்: எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வுப் படமெடுப்பு குறித்து ஓர் ஆய்வு

ஆக்சிஜன் குன்றிய புற்றுச்செல்களை அழிக்க ஏறத்தாழ மூன்று மடங்கு கதிர்வீச்சு வேண்டியிருக்கிறது. 1953இல் லண்டனில் கிரேயும் அவர் குழுவினரும் இதன் சிகிச்சை முக்கியத்துவத்தை எடுத்துரைத்த நாள்முதல், கட்டிக்குள் எங்கே எவ்வளவு ஆக்சிஜன் உள்ளது என்பது கதிரியலின் அடிப்படைக் கேள்வியாக இருந்துவருகிறது. எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வுப் படமெடுப்பு இதற்கு அளவு சார்ந்த விடை தருகிறது. உடலில் செலுத்தப்படும் தனி உறுப்பு (இணையாத எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறு) ஆக்சிஜன் மூலக்கூறுகளோடு மோதும்போது அதன் தளர்வு வீதம் ஆக்சிஜன் செறிவுக்கேற்ப உயர்கிறது. ஆனால் கட்டியின் இரத்த நாளங்கள் சீரற்றவை. ஓட்டம் சில நிமிடங்களில் தடைபட்டு மீள்கிறது. பாதி நேரம் 2 மி.மீ., மறுபாதி 18 மி.மீ. பாதரச அழுத்தத்தில் இருக்கும் திசு, நீண்ட நேரம் எடுத்த படத்தில் 10 மி.மீ. என்றே தெரியும், அந்தத் திசு ஒரு கணமும் அந்நிலையில் இருந்ததில்லை. எனவே இத்துறையில் வேகம் அளவீட்டின் மெய்ம்மையோடு பிணைந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மெதுவாக இருப்பதற்கு இயற்பியல் காரணம் உண்டு. தனி உறுப்புகளின் எலக்ட்ரான் தற்சுழற்சி மைக்ரோ வினாடிகளில் தளர்ந்துவிடுவதால், எம்.ஆர்.ஐ. கருவியைப் போல அந்த இடைவெளிக்குள் காந்தப்புலச் சரிவுகளை மாற்றிமாற்றி இயக்க முடிவதில்லை. தொடர் அலை முறையில் சரிவை ஒரு திசையில் நிறுத்தி, புலத்தை மெல்ல நகர்த்தி, அவ்வத்திசையின் வீழல்களை (projections) ஒவ்வொன்றாகத் திரட்ட வேண்டியிருந்தது. இத்தடையை இரு வழிகள் தாண்டின. அமெரிக்காவின் பெத்தெஸ்டாவிலுள்ள தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் சுப்பிரமணியன், முரளி கிருஷ்ணா ஆகியோரின் குழு, 300 மெகாஹெர்ட்ஸில் துடிப்புகளைச் செலுத்தி, ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் குறித்த தாமதத்தில் சைகையைப் பதிந்து, சரிவைப் படிப்படியாக மாற்றியது. அம்முறையால் எலிகளின் கட்டியில் ஆக்சிஜன் ஏறியிறங்குவதைச் சில நிமிட இடைவெளியில் காண முடிந்தது. ஆனால் துடிப்பு முறைக்கு டிரிட்டைல் போன்ற, குறுகிய நிறமாலைக் கோடுள்ள தனி உறுப்பு வேண்டும். நைட்ராக்சைடு என்னும் மற்றொரு வகைத் தனி உறுப்பின் சைகை கருவியின் அதிர்வு அடங்குமுன்னே மறைந்துவிடும். அங்கே துணைக்கு வருவது டென்வர் பல்கலைக்கழகத்தில் ஈட்டன் இணையர் வளர்த்த விரைவு வருடல். அது தளர்வு நேரத்தைவிட வேகமாக ஒத்ததிர்வுப் புள்ளியைக் கடந்து, அப்போது எழும் அலைவுகளைக் கணிதத்தால் நீக்கி, நிறமாலையை மீட்கிறது.

வேகம் கூடினால் இரைச்சலும் கூடும் என்பது முதல் மறுப்பு. ஒரே முறையில் நேரத்தை மட்டும் சுருக்கினால் அது உண்மை. விரைவு வருடலிலோ தற்சுழற்சிகள் ஒத்ததிர்வில் தங்கும் நேரம் குறைவதால், நிறைவுறாமலே கூடுதல் ஆற்றலைச் செலுத்தலாம். ஒரே நேர அளவில் தொடர் அலை முறையைவிடத் தெளிவான சைகை கிடைக்கிறது. மாறாக, வீழல்களைக் குறைத்து விடுபட்டதை ஊகத்தால் நிரப்பும் கணினி முறைகளுக்கு இம்மறுப்பு முழுமையாகப் பொருந்தும். ஊகம் தரும் ஆக்சிஜனை அளந்த ஆக்சிஜனாகக் கொள்ளலாகாது. இரண்டாம் மறுப்பு இன்னும் வலுவானது. சிகாகோவில் ஹால்பெர்ன் குழு, சிகிச்சைக்கு முன் எடுத்த ஆக்சிஜன் வரைபடத்தைக் கொண்டே எலிக் கட்டிகளின் ஆக்சிஜன் குன்றிய பகுதிகளுக்குக் கூடுதல் கதிர்வீச்சு தந்து, கட்டுப்பாட்டை மேம்படுத்தியது. அப்படியானால் வேகம் எதற்கு? நிலைத்த ஆக்சிஜன் குறைபாட்டை இலக்காக்க ஒற்றை வரைபடம் போதும் என்பதையே அவ்வெற்றி காட்டுகிறது. வந்துபோகும் குறைபாட்டை அந்த ஒற்றைப் படம் பிரித்தறியாது. ஒரு பகுதி எவ்வகைக் குறைபாடுடையது என்று சொல்லத் தொடர்ந்து எடுத்த படங்களே வேண்டும்.

ஆகவே வினாடிக்கு எத்தனை படம் என்பது சரியான அளவுகோல் ஆகாது. ஆராயும் உயிரியல் மாற்றம் எவ்வளவு நேரத்தில் நிகழ்கிறது, அதற்குள் ஆக்சிஜன் எவ்வளவு துல்லியமாக அளக்கப்பட்டது என்ற இரண்டும் சேர்ந்ததே அளவுகோல். புதிய முறையை வெளியிடும் ஒவ்வொருவரும் படமெடுத்த நேரத்தோடு அழுத்த மதிப்பின் பிழை அளவையும் அருகருகே தர வேண்டும். அவ்விரண்டில் ஒன்று விடுபட்டாலும் வேகம் குறித்த கூற்று நிறுவப்பட்டதாகாது.